ராஜாளி முதல் வங்கக்கடல் வரை: கடற்படைப் பயிற்சியும் ஆயுதச் சோதனையும்

எங்கள் ஊர் அரக்கோணத்துக்கும் சோளிங்கருக்கும் நடுவில் இருக்கிறது. வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுப்பவர்கள் இடுப்பை நிமிர்த்தி ஒரு நிமிடம் கிழக்கே பார்த்தால், சில நாள்களில், தூரத்தில் ஒரு ஹெலிகாப்டர் அந்தரத்தில் அசையாமல் நிற்பது தெரியும். கொஞ்சம் இடது பக்கம் சாயும், திரும்ப நேராகும், மெல்ல இறங்கும், மறுபடியும் ஏறும். எங்கும் போகாது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் இதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அது என்ன செய்கிறது என்று யாரும் கேட்டதில்லை. மழை வருவது போல, ரயில் போவது போல, அதுவும் ஒன்று.

வாணியம்பாடியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர்தான் கேட்டார். "இன்னாப்பா இது, கடலே இல்லாத ஊர்ல நேவி இன்னா பண்ணுது?" அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் என் அக்காள் மகன் கடற்படையில் சேர்ந்தான். லீவில் வரும்போதெல்லாம் அவனிடம் கேட்டும், தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். நம் தலைக்கு மேல் தினமும் நடக்கிற வேலை இது. அதன் அருமை தெரியாமல் இத்தனை வருடம் இருந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

முதலில் ஊர்க் கதை. அரக்கோணத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே விமானத்தளம் இருந்தது. அந்த இடத்தில் வளர்ந்ததுதான் ஐ.என்.எஸ். ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம். 1992 மார்ச் 11 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் அதைத் தொடங்கிவைத்தார். அப்போது இது வட ஆற்காடு. பிறகு வேலூர் மாவட்டம் என்றானது, 2019இல் ராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் போனது. மாவட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் ஓடுதளம் அதேதான். 4 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான நீளம், நாட்டின் மிக நீளமான ராணுவ ஓடுதளங்களில் ஒன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இங்கேதான் வந்து இறங்கின. அந்த வாரம் அரக்கோணம் பேருந்து நிலையத்தில் பெட்டியும் கையுமாக நின்ற வெளியூர்க்காரர்களை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை.

கடல் இங்கிருந்து 70 கி.மீ. தள்ளி இருக்கிறது. நமக்கு அது ரயிலில் இரண்டு மணி நேரம். விமானத்துக்கு ஐந்தாறு நிமிடம். கரையோடு ஒட்டி இருந்தாக வேண்டிய அவசியம் விமானத்துக்கு இல்லை. கடற்படையின் எல்லா இடமும் கடலோரத்தில்தான் இருக்கும் என்று நாமாக நினைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். கப்பல் எஞ்சினைப் படிக்கிற ஐ.என்.எஸ். சிவாஜி இருப்பது லோனாவாலா மலையில். மாலுமிகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுத்தருகிற ஐ.என்.எஸ். அக்ரணி இருப்பது கோயம்புத்தூரில். திருநெல்வேலி விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீருக்குள் இருக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்கு மிகக் குறைந்த அதிர்வெண் ரேடியோ அலைகளில் செய்தி அனுப்புகிற நிலையம். நிலத்தில் இருந்தாலும் இவை எல்லாவற்றுக்கும் கப்பலின் மரியாதைதான். பெயருக்கு முன்னால் ஐ.என்.எஸ்., அதாவது இந்தியக் கடற்படைக் கப்பல், என்று போடுவது அதனால்தான். தரையை டெக் என்பார்கள். சமையலறைக்கு கேலி (galley) என்று பெயர். வாசலைத் தாண்டி ஊருக்குள் வந்தால் கரைக்குப் போய்வந்ததாகக் கணக்கு. "நேத்து கரைக்கு வந்தேன் மாமா" என்று அரக்கோணம் பஜாரில் நின்றுகொண்டு அக்காள் மகன் சொன்னபோது எனக்கு ஒரு நிமிடம் புரியவே இல்லை.

இங்கிருந்து என்ன பறக்கிறது? 1990களிலும் 2000களிலும் வளர்ந்தவர்களுக்கு டி.யு.-142 தெரியும். அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் அதன் சத்தம் தெரியும். ரஷ்யாவில் செய்த பெரிய விமானம். 4 எஞ்சின், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் 2 விசிறிகள். கிளம்பும்போது வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிரும். 1988இல் இந்தியாவுக்கு வந்த 8 விமானங்கள், ராஜாளி தொடங்கிய வருடம் கோவாவிலிருந்து இங்கே மாறின. 29 வருடம் உழைத்து, 2017 மார்ச் 29 அன்று இங்கேயே ஓய்வு பெற்றன. ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள், உள்ளே ஏறிப் பார்க்கலாம். 2013 மே 15 அன்று அடுத்த தலைமுறை வந்து இறங்கியது. அதுதான் பி-8ஐ. பார்வைக்குச் சாதாரணப் பயணிகள் விமானம் போல இருக்கும், ஏனென்றால் போயிங் 737 உடம்பின்மேல் செய்தது. வயிற்றில் நீருக்குள் ஓடிப்போய் வெடிக்கும் டார்பிடோ, இறக்கையின்கீழ் கப்பலைத் தாக்கும் ஏவுகணை. ஆனால் அதன் முக்கிய வேலை தாக்குவது அல்ல, தேடுவது. 2014இல் காணாமல்போன மலேசிய விமானத்தைத் தேடுவதற்கும் இந்தியா பி-8ஐ விமானத்தை அனுப்பியது.

தேடுவது எப்படி என்பதைக் கொஞ்சம் நின்று சொல்லவேண்டும். நீர்மூழ்கிக் கப்பல் நீருக்குள் போய்விட்டால் கண்ணுக்குத் தெரியாது, ராடாருக்கும் தெரியாது. ரேடியோ அலை கடல்நீருக்குள் வெகுதூரம் போகாது. போவது ஒலி மட்டும்தான். காற்றில் ஒலி வினாடிக்கு சுமார் 340 மீட்டர் போகிறது, கடல்நீரில் சுமார் 1,500 மீட்டர். அதனால் பி-8ஐ கடலுக்குக் காது வைத்துக் கேட்கிறது. மூன்றடி நீளக் குழாய் ஒன்றை, சோனோபாய் என்று பெயர், சின்ன பாராசூட்டில் போடுகிறார்கள். நீரைத் தொட்டதும் அதன் மேல்பாகம் மிதக்கும், ஒலியைப் பிடிக்கும் பாகம் கம்பியில் தொங்கிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கும். கேட்டதை ரேடியோ வழியாக மேலே பறக்கிற விமானத்துக்கு அனுப்பும். ஒரு விமானத்தில் இப்படி 100க்கும் மேல் குழாய்கள் எடுத்துப்போகலாம். வேலை முடிந்ததும் குழாய் தானாக மூழ்கிவிடும்.

ஒலி நேர்கோட்டில் போனால் இது சுலபம். ஒலி வளைகிறது. வெப்பம், உப்பு, அழுத்தம் மூன்றும் அதன் வேகத்தை மாற்றும். வேகம் குறைவாக உள்ள பக்கமாக அது சாய்ந்துவிடும். வெயில் ஏற ஏற கடலின் மேல்நீர் சூடாகி, கீழே இருக்கிற குளிர்நீர்ப் பக்கம் ஒலி வளைந்து இறங்கிவிடுகிறது. காலையில் கப்பலின் சோனாரில், அதாவது ஒலியால் தேடும் கருவியில், நன்றாகக் கேட்ட நீர்மூழ்கி, மத்தியானத்துக்கு மேல் கேட்காமல் போகும். இரண்டாம் உலகப்போருக்கு முன்பே அமெரிக்கக் கடற்படை இதைக் கவனித்து, பிற்பகல் விளைவு என்றே பெயர் வைத்தது. நம் வங்கக்கடலுக்கு இன்னொரு குணம் உண்டு. கங்கையும் பிரம்மபுத்திராவும் மகாநதியும் கோதாவரியும் கிருஷ்ணாவும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டுவதால் மேல் அடுக்கில் உப்பு குறைவு. மழைக்காலத்தில் ஒரு மாதிரி, கோடையில் வேறு மாதிரி. அரபிக்கடலில் சரியாக வேலை செய்த கருவி இங்கேயும் அப்படியே வேலை செய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. கடலில் செய்கிற ஆயுதச் சோதனை ஒரே தடவையில் ஏன் முடியாது என்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல அமெரிக்காவின் பழைய கதை ஒன்று வேண்டும். சோதனை ஏன் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

1941இல் ஜப்பானோடு போர் தொடங்கியபோது அமெரிக்க நீர்மூழ்கிகளிடம் மார்க் 14 என்ற டார்பிடோ இருந்தது. ஒவ்வொன்றும் விலை அதிகம். அதனால் போருக்கு முன் மிகக் குறைவாகவே சுட்டுப் பார்த்தார்கள். நிஜ வெடிமருந்து வைத்துச் சோதித்தது அரிதிலும் அரிது. கடலுக்குப் போன கேப்டன்கள் ஒவ்வொருவராகத் திரும்பிவந்து, குறி சரியாக வைத்தும் கப்பல் மூழ்கவில்லை என்று சொன்னார்கள். தயாரித்த துறை அதை ஏற்கவில்லை. உங்களுக்குச் சுடத் தெரியவில்லை என்றது. 1942 ஜூனில் சார்லஸ் லாக்வுட் என்ற தளபதி, மேற்கு ஆஸ்திரேலியாவின் ஆல்பனி பக்கத்தில் ஒரு விரிகுடாவில் மீனவர் ஒருவரிடம் வாங்கிய வலையைக் கட்டச் சொன்னார். டார்பிடோவை 10 அடி ஆழத்துக்கு வைத்து, வலையைப் பார்த்து விட்டார்கள். வலையில் விழுந்த ஓட்டை எங்கே என்று அளந்தார்கள். முதல் ஓட்டை 25 அடி ஆழத்தில் இருந்தது. திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்ததில், வைத்த ஆழத்தைவிடச் சராசரியாக 11 அடி கீழே போவது தெரிந்தது. எதிரிக் கப்பலின் அடியில் புகுந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது! அதற்கு ஒரு காரணம், பயிற்சிக்கு வைத்த தலைப்பாகம் நிஜ வெடிமருந்துத் தலையைவிட எடை குறைவு. கனமான தலையோடு அது எப்படி ஓடும் என்று யாரும் பார்க்கவில்லை.

அதைச் சரிசெய்தார்கள். அப்புறம் காந்த விசையால் வெடிக்கிற பொறியில் கோளாறு தெரிந்தது, கப்பலை நெருங்கும் முன்பே வெடித்தது. அதையும் அணைத்துவைத்தார்கள். 1943 ஜூலை 24 அன்று டினோசா என்ற நீர்மூழ்கி ஒரு பெரிய ஜப்பானியக் கப்பலைப் பார்த்து 15 டார்பிடோக்களை விட்டது. கப்பல் நின்றது, மூழ்கவில்லை. நேராகப் போய்ப் பக்கவாட்டில் மோதியவை வெடிக்கவே இல்லை. கேப்டன் கடைசி டார்பிடோவை விடாமல், ஆராய்ச்சிக்காகத் துறைமுகத்துக்கே எடுத்துவந்தார். ஹவாயில் ஒரு பாறைச் சுவரில் டார்பிடோக்களை மோதவிட்டு, வெடிக்காத ஒன்றை எடுத்துப் பிரித்தார்கள். நேராக மோதும் வேகத்தில் வெடிப்பூசியே நசுங்கிப்போயிருந்தது. 90 அடி உயரத்திலிருந்து கிரேனில் இரும்புத் தகட்டின்மேல் போட்டுப் பார்த்தார்கள். நேராக விழுந்த 10இல் 7 வெடிக்கவில்லை. சாய்வாக மோதியவை அதைவிட நன்றாக வேலை செய்தன. அதாவது மிகச் சரியாகக் குறிவைத்தவனுக்குத்தான் டார்பிடோ ஏமாற்றம் தந்திருக்கிறது. போர் தொடங்கி ஒன்றே முக்கால் வருடம் ஆகியிருந்தது எல்லாம் சரியாக.

ஒரு மீன்வலையும் ஒரு கிரேனும் போர் வருவதற்கு முன்பே இதைச் சொல்லியிருக்கும். எனக்கு இதைப் படித்தபோது கோபமாகவே வந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடலுக்குப் போனவர்களின் பேச்சை நம்பாமல், காகிதத்தை நம்பியிருக்கிறார்கள்.

நம்மிடம் டார்பிடோ ஆராய்ச்சி நடப்பது விசாகப்பட்டினத்தில். 1969இல் தொடங்கிய கடற்படை அறிவியல் தொழில்நுட்ப ஆய்வகம் அங்கே இருக்கிறது. கப்பலிலிருந்து ஏவுகிற கனரக டார்பிடோ வருணாஸ்திரா அங்கே உருவாகி 2016இல் கடற்படையிடம் வந்தது. மணிக்கு சுமார் 40 கடல்மைல், அதாவது 74 கி.மீ. வேகம். நீருக்குள் இது பெரிய வேகம்.

சோதனை நடக்கும் விதத்தை அக்காள் மகன் பொறுமையாகச் சொன்னான். கடலுக்குக் கொண்டுபோகும் முன் கரையிலேயே பாதி வேலை. அடுப்பு போன்ற அறையில் சூடேற்றுவார்கள், குளிர வைப்பார்கள், அதிரும் மேசையில் மணிக்கணக்காகக் குலுக்குவார்கள், உப்புநீரைப் பனி போலத் தெளிக்கிற அறையில் நாள்கணக்கில் வைப்பார்கள். கப்பலில் மாதக்கணக்கில் கிடந்தாலும் வேலை செய்யுமா என்று இதில்தான் தெரியும். உப்புக்காற்று என்ன செய்யும் என்பது சென்னையில் வீடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே போதும்.

பிறகு கடல். வெடிமருந்துத் தலையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எல்லாவற்றையும் பதிவு செய்கிற கருவியை வைப்பார்கள். கப்பலிலிருந்தோ விமானத்திலிருந்தோ விடுவார்கள். இலக்காக நிஜ நீர்மூழ்கியே இருந்தால், அதன்மேல் மோதாத அளவுக்கு ஆழத்தில் இடைவெளி வைத்து ஓடவிடுவார்கள். எத்தனை ஆழத்தில் போனது, எப்போது இலக்கின் ஒலியைப் பிடித்தது, எப்போது தவறவிட்டது, திரும்பத் தேடியதா, எல்லாம் உள்ளே பதிவாகும். ஓட்டம் முடிந்ததும் அது மேலே வந்து மிதக்கும். எடுத்துவந்து நல்ல தண்ணீரில் கழுவி, திறந்து, பதிவைப் படிப்பார்கள். அதே டார்பிடோவைத் தயார்செய்து மறுபடியும் விடுவார்கள். நிஜ வெடிமருந்தோடு செய்வது கடைசிக் கட்டம். 2023 ஜூனில் வருணாஸ்திரா அப்படி நீருக்குள் இருந்த இலக்கைத் தகர்த்தது.

மிதக்கும் டார்பிடோவை எடுத்துவருவது சின்ன வேலை என்று நினைத்தேன். அப்படி இல்லை. 2014 நவம்பர் 6 அன்று விசாகப்பட்டினத்துக்கு வெளியே, பயிற்சி டார்பிடோவை எடுக்கப் போயிருந்த ஏ-72 என்ற மீட்புக் கப்பல் நீர் புகுந்து மூழ்கியது. ஒருவர் இறந்தார், நான்கு பேர் காணாமல் போனார்கள். போர் இல்லை, எதிரி இல்லை. ஒரு சோதனையின் பதிவைக் கரைக்குக் கொண்டுவரப் போனவர்கள் அவர்கள். அவர்களை நினைத்துக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை எழுத எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வருடம் அக்டோபரில் அஸ்திரதாரிணி என்ற புதிய கப்பல் வந்தது, டார்பிடோவை விடவும் எடுக்கவும் என்றே கட்டியது.

ஏவுகணைச் சோதனை செய்தித்தாளில் அடிக்கடி வருவதால் அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒடிசாவின் சாந்திப்பூரில் சோதனைத் தளம் இருக்கிறது. எந்தக் கடல்பகுதிக்கு யாரும் வரக்கூடாது என்று கப்பல்களுக்கும் விமானங்களுக்கும் மீனவர்களுக்கும் முன்கூட்டியே அறிவிப்பு போகும். பறக்கிற ஏவுகணை தன் நிலையை ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். ராடாரும் கேமராவும் பின்தொடரும், பாதை மாறினால் வானத்திலேயே அழிக்க வழி இருக்கும். 2022 மே 18 அன்று அங்கே சீ கிங் ஹெலிகாப்டரிலிருந்து, கப்பலைத் தாக்கும் ஏவுகணை ஒன்றை முதல்முறையாக ஏவினார்கள். உள்நாட்டிலேயே செய்தது. 2025 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை ஐ.என்.எஸ். கவரட்டி கப்பலிலிருந்து நீர்மூழ்கியைத் தாக்கும் நீண்டதூர ராக்கெட்டுகளைச் சோதித்தார்கள். இரண்டு வாரத்தில் 17 ராக்கெட்டுகள். ஒன்று சரியாகப் போனதும் கைதட்டி முடித்துவிடாமல் 17 விட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது.

சரி, ஆயுதத்தைச் சொல்லியாயிற்று. ஆளை எப்படிச் சோதிக்கிறார்கள்?

நம் பக்கத்துப் பையன்களுக்கு ராணுவம் புதிது இல்லை. கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவராவது போயிருப்பார். வேலூர் நேதாஜி மைதானத்தில் விடியற்காலை போய்ப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கும் பையன்களில் பாதிப் பேரின் கனவு ஆர்மிதான். நேவி என்று சொல்கிறவர்கள் குறைவு. கடல் பழக்கமில்லை, அதுதான் தயக்கம். தகுதி ஒன்றும் எட்டாததில்லை. பத்தாவது முடித்தவர்களுக்கு ஒரு பிரிவு, கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு இன்னொரு பிரிவு. ஆண்கள் 1.6 கி.மீ. தூரத்தை ஆறரை நிமிடத்தில் ஓடவேண்டும். இப்போது அக்னிவீராகத்தான் எடுக்கிறார்கள், நான்கு வருடம், அதன்பின் கால்பங்குப் பேர் வரை நிரந்தரமாகலாம். விண்ணப்பம் இணையத்தில் நேரடியாகப் போடுவது. இடையில் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் தரகர் ஒருவரிடம் பணம் கொடுத்து ஏமாந்தது.

தேர்வானவர்கள் போவது ஒடிசாவில் சிலிகா ஏரிக்கரையில் இருக்கும் ஐ.என்.எஸ். சில்காவுக்கு. 2023 மார்ச் 28 அன்று அங்கேதான் முதல் அக்னிவீர் அணி பயிற்சி முடித்து வெளியே வந்தது. சுமார் 2,600 பேர், அதில் 270 பேருக்கு மேல் பெண்கள். சூரியன் மறைந்த பிறகு விளக்கொளியில் அணிவகுப்பு நடந்தது. அப்படி நடப்பது நம் படைகளில் அதுவே முதல்முறை.

உள்ளே வாழ்க்கை எப்படி? விடியுமுன் விசில். உடற்பயிற்சி, பரேடு, வகுப்பு, விளையாட்டு, படிப்பு, தூக்கம். படுக்கையை மடிப்பதிலிருந்து ஷூ பாலிஷ் வரை ஒருவர் வந்து பார்ப்பார். முதல் மாதம் சப்பாத்தி இறங்கவில்லை என்று அக்காள் மகன் போனில் அழுதான். அவன் அம்மா இங்கே அழுதாள். ஹிந்தியும் தெரியாது. மூன்றாவது மாதம் அதே பையன் பீகார்க்காரன் ஒருவனுக்கு நம் ஊர்ப் புளிக்குழம்பைப் பற்றி ஹிந்தியில் விளக்கியதாகச் சொன்னான்.

நீச்சல்தான் பெரிய மலை. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதை வருடத்தில் சில நாள் பார்த்தாலே அதிசயம். ஆனால் நம் பக்கத்தில் விவசாயக் கிணறு உண்டு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, மாமாவோ சித்தப்பாவோ மேலே இருந்து பிடித்துக்கொள்ள, கிணற்றில் தள்ளிக் கற்றுத்தருவார்கள். அவனுக்கு நான்தான் கயிறு பிடித்தேன். சில்காவில் உயரமான பலகையிலிருந்து குதிக்கச் சொன்னபோது பலர் நடுங்கினார்களாம். இவன் போய்க் குதித்துவிட்டான். "நம்ம மோட்டார் கொட்டா மேல இருந்து குதிக்கறத விட இது கம்மிதான் மாமா" என்றான். ஆனால் மிதப்பதில் திணறினான். கிணற்றில் நமக்குச் சுவர் இருக்கிறது, களைத்தால் கல்லைப் பிடித்துக்கொள்ளலாம். கையைக் காலை வீணாக அடிக்காமல், எதையும் பிடிக்காமல், அமைதியாக நீரின்மேல் கிடப்பது வேறு பழக்கம்.

அடிப்படை முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பிரிவார்கள். மின்சாரம் ஜாம்நகரில், பீரங்கியும் ஏவுகணையும் கொச்சியில், நீர்மூழ்கி விசாகப்பட்டினத்தில். பீரங்கிப் பள்ளியில் சுடுவதைவிடச் சுடாமல் நிற்பதை அதிகம் பழக்குவார்களாம். விசையை இழுத்தும் குண்டு வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து பார்க்கத்தான் கை போகும். அந்தக் கையை அடக்கி, குறித்த நேரம் காத்திருந்து, வரிசைப்படி செய்யவேண்டும். லோனாவாலாவில் கப்பலின் உட்பகுதி போலவே ஓர் அறை கட்டி, ஓட்டை வழியாகத் தண்ணீரை நிஜமாகவே பாய்ச்சுவார்கள். அறை ஆடும், இருட்டாகும், தண்ணீர் மார்புக்கு ஏறும். மரக்கட்டையும் ஆப்பும் வைத்து ஓட்டையை அடைக்கவேண்டும். ஒரு டார்பிடோவை வலையில் விட்டுப் பார்ப்பதும் 20 வயதுப் பையனைத் தண்ணீர் ஏறும் அறையில் விட்டுப் பார்ப்பதும் எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. குறை எங்கே என்று, உயிர் போகாத ஒரு நாளில் பார்த்துக்கொள்கிறார்கள்.

இனி நம் கொல்லைக்கு மேலே நிற்கும் ஹெலிகாப்டருக்கு வருகிறேன். ராஜாளியில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் விமானிகள் இங்கேதான் ஹெலிகாப்டருக்கு மாறுகிறார்கள். 22 வாரப் படிப்பு. 2024 ஜூன் 7 அன்று 102ஆவது அணி முடித்து வந்தது. 21 அதிகாரிகளில் அனாமிகா பி. ராஜீவ் என்பவர், கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானி ஆனார். அரக்கோணத்தில் நடந்த இந்த விஷயம் நம் ஊர்ப் பள்ளிகளில் சொல்லப்படவேண்டியது.

பயிற்சிக்குப் பயன்படுவது சேத்தக். பழைய, நம்பகமான, ஒற்றை எஞ்சின் ஹெலிகாப்டர். அதை ஒரே இடத்தில் நிறுத்துவதுதான் முதல் பாடம், அதுவே கஷ்டமான பாடம். இடது கை நெம்புகோல் ஏற்றவும் இறக்கவும். வலது கைக் கம்பி முன்னும் பின்னும் பக்கமும் சாய்க்க. இரண்டு காலிலும் மூக்கைத் திருப்பும் மிதிகள். இடது கையைத் தூக்கினால் மேலே ஏறும், ஆனால் உடனே உடம்பு திரும்பத் தொடங்கும், அதைக் காலால் பிடிக்கவேண்டும். காலை அழுத்தினால் ஒரு பக்கம் நகரும், அதை வலது கையால் பிடிக்கவேண்டும். பதற்றத்தில் கூடுதலாகத் திருத்தினால் அந்தத் திருத்தத்தையே திருத்தவேண்டி வரும். கீழே இருந்து பார்க்கிற நமக்கு அது சும்மா நிற்பது போல இருக்கிறது. உள்ளே ஒருவர் வியர்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு இதே ஆள் அலையில் ஆடுகிற ஒரு சின்னக் கப்பலின் பின்தளத்தில் இறங்கவேண்டும், ராத்திரியில்.

சில சமயம் அது திடீரென்று சரிந்து இறங்கி, தரைக்குப் பக்கத்தில் மூக்கைத் தூக்கி நிதானிப்பதைப் பார்க்கலாம். விழுந்துவிட்டது என்று எங்கள் பாட்டி ஒருமுறை கத்தியிருக்கிறாள். எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதன் பயிற்சி அது. இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும், பனையோலைக் காத்தாடி சுற்றுவது போல. அந்தச் சுழற்சியைச் சேர்த்துவைத்து, கடைசி நொடியில் செலவழித்து இறங்கவேண்டும். சீக்கிரம் செலவழித்தால் உயரத்தில் தீர்ந்துவிடும். தாமதித்தால் தரை வந்துவிடும்.

கடலில் விழுந்தால்? அதற்கும் கொச்சியில் ஒரு குளம் இருக்கிறது. ஹெலிகாப்டர் அறை போன்ற ஒரு கூண்டில் ஆட்களைப் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீரில் இறக்கி, தலைகீழாகப் புரட்டுவார்கள். ஹெலிகாப்டருக்கு எஞ்சின் பாரம் மேலே இருப்பதால் கடலில் விழுந்தால் பெரும்பாலும் கவிழத்தான் செய்யும். தலைகீழாக, மூக்கில் தண்ணீர் ஏற, எது மேல் எது கீழ் என்றே தெரியாது. உடனே பெல்ட்டைக் கழற்றினால் நீரோட்டம் தூக்கி எறிந்துவிடும், கதவு எங்கே என்று தெரியாமல் போகும். அதனால் ஒரு கையால் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் அசைவது நிற்கும்வரை காத்திருந்து, பிறகு பெல்ட்டைக் கழற்றி, பிடித்த கையை விடாமல் அந்த வழியாகவே வெளியே வரவேண்டும். விமானத்தில் பறக்கும் பிரிவுக்குப் போன அக்காள் மகன் இதைச் செய்துவிட்டு வந்தான்.

போன சித்திரையில் லீவுக்கு வந்தபோது கிணற்றில் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரை வைத்து அதையே செய்துகாட்டினான். கிணற்றுப் படியின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தலைகீழாக முங்கச் சொன்னான். நான் மேலே உட்கார்ந்து செல்போனில் நேரம் பார்த்தேன். எல்லோரும் மூன்று, நான்கு எண்ணுவதற்குள் கையை விட்டுவிட்டு மேலே வந்தார்கள். எட்டாவது படிக்கிற ஒரு பெண் மட்டும் கையை விடவில்லை. தண்ணீர் அலையடித்து, குமிழி எல்லாம் அடங்கி, கிணறு கண்ணாடி மாதிரி ஆனபிறகுதான் எழுந்தாள். எவ்வளவு நேரம் என்று கேட்டாள். 22 வினாடி என்றேன். "இன்னொரு தபா" என்று மறுபடியும் உள்ளே போனாள்.